கலைந்ததும் கலைத்ததும்

"தானா கலைஞ்சிருந்தா கண்ணீர் விடுவீங்க, நானா கலைச்சிருந்தா காறித் துப்புவீங்க. இப்படி ஆளுக்கு ஒண்ணா அளந்து குடுக்குற மன்னிப்பு எனக்கு எதுக்கு ஆன்ட்டி? எடுத்துட்டுப் போங்க."

இதுதான் அவள் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. போன வியாழக்கிழமை, மணப்பாறையில், அவள் அம்மா வீட்டு வாசலில். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நான் ஆப்பிள் பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, அவளுக்கு இருபத்தாறு. எடுத்துட்டுப் போங்க என்றாளே, மன்னிப்பையா ஆப்பிளையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், ஃபேன் காற்று எனக்கும் வரட்டும். உங்கள் டோக்கன் என்ன, எழுபத்தொன்றா? எனக்கு எழுபத்து நான்கு. இப்போதுதான் நாற்பதைக் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் என்றாலே இப்படித்தான். வாசலில் அந்தப் போலீஸ்காரப் பெண் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கிறாள், மண்ணெண்ணெய் கொண்டுவந்திருக்கிறேனா என்று. "தீக்குளிக்கிற மூஞ்சியாம்மா இது?" என்றேன். "மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் தெரியாது மேடம்" என்றாள். சரிதான்.

உங்கள் மனுவைக் காட்டுங்கள். சும்மா பார்க்கத்தான். அடேயப்பா, என்ன அழகான கையெழுத்து. 'கழிவுநீர்' என்பதில் மட்டும் 'ளி' போட்டிருக்கிறீர்கள், 'ழி' வர வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்க தோஷம். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான். தப்பான எழுத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

இல்லை, பழக்கத்தின் தலையில் போடக் கூடாது. முதலில் இருந்து சொல்கிறேன்.

என் பெயர் எமரென்சி. எங்கள் தெருவில் டீச்சரம்மா என்பார்கள். ஒருநாள்கூட நான் வாத்தியார் வேலை பார்த்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிதான். ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும். பாங்க்கில் இருந்து கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் தெருவே என் வீட்டுக்கு வரும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்வேன். எங்க வீட்டுக்காரர் கேலி செய்வார், "கோர்ட்டு கூடிடுச்சா?" என்று. அவருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் அப்படித்தான் பேசுவார்.

எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பங்கு என்போம். அதில் பங்குப் பெண்கள் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. நான் அதன் செயலாளர். இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு முடிவு எடுத்தோம். எடுத்தோம் என்ன, நான்தான் எடுத்தேன், மற்றவர்கள் தலையாட்டினார்கள். இப்போது இருக்கிற சட்டப்படி பதினெட்டு வயது ஆன பெண் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தானே கையெழுத்துப் போட்டால் கருவைக் கலைத்துவிடலாம். கட்டினவன் கையெழுத்து வேண்டாம். டாக்டர் ஒத்துக்கொண்டால் போதும். இது எனக்கு அடுக்கவில்லை. உயிர் உண்டான நிமிடத்திலிருந்து உயிர்தான். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள். நான் மூன்று பெற்றவள். அதனால் கணவன் கையெழுத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவர வேண்டும், சட்டம் வரும்வரை மாவட்டத்தில் இருக்கிற எல்லா நர்சிங் ஹோமிலும் அதையே நடைமுறையாக்க வேண்டும் என்று கலெக்டர் வழியாக மேலே அனுப்ப ஒரு மனு தயார் செய்தேன். நான் நம்புகிறேன். நல்லது என்று தெரிந்துதான் நம்புகிறேன். அப்படியென்றால் மற்றவர்களும் அதன்படி நடக்கட்டுமே. நடக்காதவளை நடக்கவைக்கத்தானே சட்டம்? அப்படித்தான் நினைத்தேன். நினைக்கும்போது எவ்வளவு நேராக இருந்தது என்கிறீர்கள்!

வீடு வீடாகப் போய் முந்நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினேன். படிக்காமல் போட்டவர்கள்தான் அதிகம். "டீச்சரம்மா கேட்டா சரியாத்தான் இருக்கும்" என்று போட்டார்கள்.

போடாதவள் ஒருத்தி. பெல்சியா. எங்கள் பக்கத்து வீட்டு சலேத்மேரியின் மருமகள். தெருமுனையில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்கிற கடையில் வேலை. வேடிக்கை என்னவென்றால் அந்த மனுவை டைப் அடித்துக் கொடுத்ததே அவள்தான். பிழையில்லாமல் அடித்தாள், அதையும் சொல்லியாக வேண்டும். அடித்து முடித்ததும், "முதல் கையெழுத்து நீயே போடு பெல்சி" என்றேன்.

"அடிச்சுத் தர்றேன் ஆன்ட்டி, அது வேலை. கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன், உனக்கு விசுவாசம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காக என் வயித்துக்குள்ள என்ன நடக்கணும்னு தெருவே கையெழுத்துப் போடணுமா?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் சிரித்தேவிட்டார். ஜெராக்ஸ் கடைப் பெண் என்னை அப்படிக் கேட்கிறாள்! நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் மறக்கவில்லை. நான் மறக்கிற ஜாதி இல்லை.

அடுத்தது அந்த போர்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்சிங் ஹோம். டாக்டர் எங்கள் பங்குக்காரர், வயதானவர், யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டார். மன்றத்தில் இருந்து பதினைந்து பேர் போய் நின்றோம். சட்டம் வரும்போது வரட்டும், நீங்கள் முன்மாதிரியாக இருங்கள் என்று சொன்னோம். அவர் "சரிம்மா, சரிம்மா" என்றார். போர்டில் எழுத வேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன். 'கணவர் கையெழுத்து இன்றி இங்கு கருக்கலைப்புச் செய்யப்பட மாட்டாது.' 'கருக்கலைப்பு'க்குப் பக்கத்தில் 'ச்' போட வேண்டும் என்று பெயின்டருக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். ஒற்றெழுத்து விட்டுப்போகவில்லை. எவ்வளவு கவனம் பாருங்கள்.

பெல்சியாவின் வீட்டுக்காரன் சீலன் ஒடிசாவில் கரண்ட் டவர் லைன் போடுகிற வேலையில் இருக்கிறான். காட்டுக்குள் வேலை, போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை கேம்ப்புக்கு வந்தால்தான் பேசுவான். ஆகஸ்ட் கடைசியில் சலேத்தக்கா வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போய்விட்டாள். வீட்டில் இவள் மட்டும். அப்போது இவளுக்கு நாலாம் மாதம்.

அந்த வாரம் நடந்தது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் முதலில் சொல்கிறேன், மற்றது பிறகு.

சலேத்தக்கா திரும்பி வருகிறாள், மருமகள் காய்ச்சலோடு படுத்துக் கிடக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை இல்லை. "துடிப்பு நின்னுபோச்சுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க அத்தை, அப்புறம் சுத்தம் பண்ணாங்க" என்று சொல்லியிருக்கிறாள். சலேத்தக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் நர்சிங் ஹோம் வாசலில் உட்கார்ந்திருக்கிற நர்ஸ் வேறு மாதிரி சொல்லிவிட்டாள்: "உங்க மருமக அபார்ஷனுக்கு வந்துச்சும்மா. புருஷன் கையெழுத்து இல்லாததால திருப்பி அனுப்பிட்டோம்." உடனே அக்கா அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, அவ தானா கலைஞ்சுதுன்னு சொல்றா. நர்ஸு கலைக்க வந்தான்னு சொல்லுது. காயிதத்துல என்ன இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடியைப் போட்டேன். அபார்ஷன் என்று இருந்தது. கொட்டை எழுத்தில்.

"அபார்ஷன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"அப்படின்னா?"

"அப்படின்னா கலைச்சிருக்கான்னு அர்த்தம்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி என்னிடமே கொடுத்தாள். தமிழில் எழுதித் தாருங்கள், சீலனுக்கு போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும் என்றாள். எழுதினேன். 'பதினைந்து வாரக் கரு கலைக்கப்பட்டது.' என் கையெழுத்து உங்கள் கையெழுத்தை விட நன்றாக இருக்கும், அதைக் கண்ணாடி போட்டுச் சட்டம் மாட்டலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கேம்ப்பில் இருந்து போன் போட்டான். இரண்டே வார்த்தை. "அவளை அனுப்பிடு." அனுப்பிவிட்டார்கள். ஒரு பையோடு மணப்பாறை பஸ்ஸில் ஏறினாள். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

அதோடு விட்டேனா? மனு இன்னும் கொடுக்கவில்லையே. கடைசிப் பக்கத்தில் என் கையால் ஒரு பத்தி சேர்த்தேன். 'எங்கள் பங்கிலேயே, கணவர் வெளிமாநிலத்தில் உழைத்துக்கொண்டிருக்க, அவர் அறியாமல் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர்...' பெயர் போடவில்லை. பெயர் போடுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தெருப் பெயர் போட்டேன். எங்கள் தெருவில் வெளிமாநிலத்தில் வேலை செய்கிற ஆம்பிளை ஒருத்தன்தான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை இதே ஹாலில், அதோ அந்த மூன்றாவது மேஜையில் கொடுத்தோம். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வந்த மன்றக் கூட்டத்துக்கு ஒரு டாக்டர் சிஸ்டரைப் பேச அழைத்திருந்தேன். சிஸ்டர் லெயோனி. கன்னியாஸ்திரீ, மகப்பேறு டாக்டர். நாற்பது வருடமாகப் பிரசவம் பார்த்தவர். எழுபது வயது, குரல் மட்டும் மணி மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சலேத்தக்கா சீட்டைக் கொண்டுவந்த அன்றே என் போனில் பிடித்து வைத்திருந்த போட்டோவை நாற்பது பெண்கள் முன்னால் அவரிடம் நீட்டினேன், "பாருங்க சிஸ்டர், எங்க தெருவுலேயே" என்று.

அவர் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். நிமிர்ந்தார்.

"ஐயோ பாவம். பிள்ளை உள்ளேயே இறந்துபோச்சு. யாரு இந்தப் பொண்ணு? இப்ப எப்படி இருக்கா?"

நான் சிரித்தேன், சிஸ்டருக்குக் கண் சரியில்லை என்று. "இல்ல சிஸ்டர், அபார்ஷன்னு போட்டிருக்கு."

"மிஸ்டு அபார்ஷன்னு போட்டிருக்கும்மா. முன்னாடி இருக்கிற வார்த்தையைப் பாரு. துடிப்பு நின்னுபோய் பிள்ளை வெளிய வராம உள்ளேயே தங்கிப்போறதுக்கு அதுதான் பேரு. டாக்டருங்க இங்கிலீஷ்ல தானா கலைஞ்சாலும் அபார்ஷன்தான், கலைச்சாலும் அபார்ஷன்தான். தமிழ்லதான் ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு." அப்புறம் கேட்டார்: "இதைத் தமிழ்ப்படுத்தினது யாரு?"

ஒருத்தியும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். சலேத்தக்கா முதல் வரிசையில் இருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். எங்க வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோரிடமும், சீட்டில் எழுத்து மங்கலாக இருந்தது, முதல் வார்த்தை கண்ணில் படவில்லை என்று சொன்னேன். பாதர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பொய். முதல் வார்த்தை என் கண்ணில் பட்டது. மிஸ்டு. பஸ்ஸை மிஸ் பண்ணிட்டோம் என்கிறோமே, அந்த மிஸ். இது இங்கே எதற்கு வந்தது என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சலேத்தக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடமாகத் தெருவுக்குப் படித்துச் சொல்கிறவள், எப்படித் தெரியாது என்பேன்? தெரியாத வார்த்தையை அப்படியே தாண்டிவிட்டுத் தெரிந்த வார்த்தையைப் படித்தேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பெல்சியா படுத்திருந்தாள். டைப்பிங் தெரிந்த பெண், என்னைவிட நன்றாகவே இங்கிலீஷ் படிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிய காகிதத்தை அவளிடம் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தோம்.

சந்தோஷமாக வேறு இருந்தது. ஆமாம். அபார்ஷன் என்று பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஜெராக்ஸ் கடையில் அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி. கையெழுத்துப் போடாதது இதனால்தானா, வாடி வா என்று.

அப்படிப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி, நானாகவே சொல்கிறேன்.

மறுநாளே நர்சிங் ஹோமுக்குப் போனேன், போர்டைக் கழற்றச் சொல்ல. அந்த நர்ஸ் எழுந்துகூட நிற்கவில்லை. "இருக்கட்டும் டீச்சரம்மா. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. யாரு வந்தாலும் விரலை நீட்டினாப் போதும், வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். டாக்டர் வெளியூர் போயிருக்கிறாராம். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. ஒற்றெழுத்தோடு.

இதற்குள் நாங்கள் கொடுத்த மனு நடக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஆபீசில் ஒரு காகிதமும் நகராது என்பார்கள், அது பொய், வேண்டாத காகிதம் ஓடும். சுகாதார ஆபீசில் இருந்து ஒரு அம்மா எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்து, அங்கிருந்து மணப்பாறைக்கே போய், பெல்சியாவை அவள் அம்மா, தம்பி, அக்கம்பக்கம் முன்னால் உட்காரவைத்து, "கணவர் அறியாமல் கலைத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். கையில் என் எழுத்து.

அதைக் கேள்விப்பட்டுத்தான் வியாழக்கிழமை ஓடினேன். என்ன நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா? 'பெல்சி, தப்பு என்னோடதுதான், நீ கலைக்கல, தானாத்தான் கலைஞ்சுது, இதை நான் ஊரைக் கூட்டிச் சொல்றேன், சீலனும் வரச் சொல்லிட்டான், உங்க அத்தையும் அழுறாங்க, வா வீட்டுக்கு' என்று சொன்னால் அவளும் அழுவாள், நானும் அழுவேன், ஆப்பிளை நறுக்கிச் சாப்பிடுவோம் என்று.

அவள் துணியை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

"அப்ப நான் கலைச்சிருந்தா? அப்ப உங்க மனு சரி, போர்டு சரி, அவரு அனுப்பிடுன்னு சொன்னது சரி, அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லலடி. நீ ஒரு தப்பும் பண்ணலையேன்னு..."

"பண்ணலைன்னு உங்களுக்கு ஒரு சிஸ்டர் வந்து சொல்லணும். நான் சொன்னப்போ யாருக்கும் காது கேக்கல."

அப்புறம்தான் அந்த மூன்று நாளைச் சொன்னாள். துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்ததும் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த நர்சிங் ஹோமுக்குத்தான் போயிருக்கிறாள். நர்ஸ் ஸ்கேன் சீட்டில் அபார்ஷன் என்ற வார்த்தையைப் பார்த்தாள், போர்டைக் காட்டினாள். என்னை மாதிரியே முன்னால் இருந்த வார்த்தையை அவளும் தாண்டிவிட்டாள். சீலனுக்கு இவள் போன் அடிக்கிறாள், அடிக்கிறாள், எடுக்கவில்லை. மூன்று நாள். செத்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மூன்று நாள், தனியாக, அந்த வீட்டில். மூன்றாம் நாள் குளிர் ஜுரம் கண்டதும் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளிடமே கையெழுத்து வாங்கி, உடனே பார்த்தார்கள். "நீங்க கேக்குற சட்டம் வந்திருந்தா அங்கேயும் பாத்திருக்க மாட்டாங்க ஆன்ட்டி. நான் போய்ச் சேர்ந்திருப்பேன், நீங்க பூசை வெச்சிருப்பீங்க."

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டேன். பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, அது இதுதான்.

இரண்டாம் நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் செதில், குக்கர் வேறு கத்துகிறது. "ஆன்ட்டி, நர்சிங் ஹோம்ல உங்க போர்டைக் காட்டி முடியாதுன்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவுதான் சொல்லவிட்டேன். யாராவது இழுத்து இழுத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. மீதியை நானே முடித்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான் முடித்துக்கொண்டேன். "தெருவுக்கே ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? புருஷன்கிட்ட கேட்டுட்டு வா, போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் குக்கரை இறக்கினேன்.

எதற்காகப் போனாய் என்று கேட்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. மீன் குழம்பு நன்றாக வந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

ஆக, சலேத்தக்கா சீட்டைக் கொண்டுவந்தபோது நான் அதைப் படிக்கவே இல்லை. முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன். காகிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரு வார்த்தைதான், அது இருந்தது.

வியாழக்கிழமை இதை அவள் வாயாலேயே எடுத்துச் சொன்னாள், மீன் செதில் உள்பட. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பண்ணணும் சொல்லு, பண்றேன்" என்றேன்.

"மனுவை வாபஸ் வாங்குங்க. போர்டைக் கழட்டுங்க."

"திங்கட்கிழமை போறேன். அவ கலைக்கல, தானாக் கலைஞ்சுதுதான், எங்க தப்புன்னு எழுதிக் குடுத்துடுறேன்."

"அப்படி எழுதாதீங்க." அவள் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்படி எழுதினா நான் தப்பிச்சுக்குவேன். எனக்குப் பின்னாடி ஒருத்தி வருவா, அவ வேணும்னுதான் வந்திருப்பா, அவளுக்கு என்ன கஷ்டமோ. அவளுக்கு மட்டும் அந்த போர்டு இருக்கட்டுமா? எதுவா இருந்தாலும் அது அவ பாடு, எங்க வேலை இல்லைன்னு எழுதுங்க. எழுத முடியுமா உங்களால?"

"எனக்கு அது உயிர் பெல்சி. அதை என்னால மாத்திக்க முடியாது."

"மாத்திக்கச் சொல்லல. நீங்க நம்புங்க, யாரு வேணாம்னா? உங்க வயித்துக்கு நம்புங்க. எங்க வயித்துக்கு எதுக்கு போர்டு?"

அதற்கு அடுத்துதான் அந்தப் பேச்சு, உங்களிடம் முதலில் சொன்னேனே, கண்ணீர், காறித் துப்புவது.

ஐம்பத்தொன்று கூப்பிட்டுவிட்டார்கள். வேகமாகத்தான் போகிறது.

இதோ என் தாள். நான்கு நாளாக எழுதுகிறேன். அனுப்புநர் போட்டுவிட்டேன். பெறுநர் போட்டுவிட்டேன். பொருள் என்று போட்டுப் புள்ளி வைத்திருக்கிறேன், அதோடு நிற்கிறது. 'எங்கள் மனுவில் நேர்ந்த எழுத்துப் பிழை' என்று போட்டேன், கிழித்தேன். 'தவறான தகவல்' என்று போட்டேன், அது அவளைக் காப்பாற்றுகிற வார்த்தை இல்லை, என்னைக் காப்பாற்றுகிற வார்த்தை, அதையும் கிழித்தேன். அவள் கேட்ட வாக்கியத்தை எழுதப் போனால் கை ஓடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை. காலையில் வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம்கூடப் போய் நின்றேன். "பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப எனக்குத் தெரியாதும்மா" என்றுவிட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் பாருங்கள், தெரியாது என்று.

மூன்றாவது மேஜை குமாஸ்தாவிடமும் கேட்டேன். கொடுத்த மனுவைத் திருப்பித் தர மாட்டார்களாம். அது வேண்டாம் என்று இன்னொரு மனு கொடுக்க வேண்டுமாம். இன்றைக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த திங்கள்தான். புதன்கிழமை அந்தச் சுகாதார ஆபீஸ் அம்மா மறுபடி மணப்பாறைக்குப் போகிறாள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. அவளையும் தெரியாது. உங்களுக்கு இதில் ஒரு கோபமும் இல்லை. உங்கள் பேனா கையிலேயே இருக்கிறது. பொருள் என்ற இடத்தில் ஒரு வரி, கீழே இரண்டு வரி. அவள் சொன்னபடியே. நான் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன். எழுதுகிறீர்களா?

அது உங்கள் நம்பர் இல்லை, அறுபத்தொன்று. உட்காருங்கள். அம்மா, உங்களைத்தான். மூன்று வரிதான். எழுதித் தாருங்களேன்.